முகம் இல்லாத பீடமும் சித்திர சபையும்: எழுத்து விளையாட்டுக்குப் படம் வேண்டுமா?

எங்கள் பக்கத்தில் பல ஊர்ச் சுடலைமாடனுக்கு முகம் கிடையாது. செங்கலும் சுண்ணாம்புமாக, அடி அகன்று மேலே போகப் போகக் குறுகும் ஒரு பீடம். வெள்ளையடித்து, காவிப் பட்டை தீட்டி, கொடை நாளில் மாலை சாற்றியிருப்பார்கள். கண், மூக்கு, மீசை எல்லாம் வில்லுப்பாட்டுக்காரர் சொல்லித்தான் வரும். வீசுகோல் வில்லில் விழுந்து, குடம் அதிர்ந்து, புலவர் ஒரு வரி பாட, பின்பாட்டுக்காரர் ஆமா போட, நள்ளிரவு தாண்டும்போது அந்தச் சுண்ணாம்புத் தூண் மாடனாகவே நிற்கும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி பார்த்த மாடனும் நான் பார்த்த மாடனும் ஒரே ஆள் இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இதே நெல்லைச் சீமையில், திருநெல்வேலியிலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் குற்றாலம். நடராசரின் ஐந்து சபைகளில் சித்திர சபை அங்கேதான். ஆடுகிற கூத்தர் சுவரில் ஓவியமாகவே இருக்கிறார். படமே சாமி. அங்கே போய், இந்தப் படம் எதற்கு, பாட்டு மட்டும் போதாதா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இரண்டு வருஷமாக நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். முழுக்க முழுக்கத் தமிழ் எழுத்து. ஒரு பத்தி வரும், அதன் கீழே இரண்டு மூன்று வழிகள் இருக்கும், ஒன்றைத் தொட்டால் கதை அந்தப் பக்கம் போகும். திருநெல்வேலியில் பஸ் ஏறி பாபநாசம் போகும் ஓர் இரவுதான் கதை. இப்படித் தனி ஆளாகவோ இரண்டு மூன்று பேராகவோ எழுத்து விளையாட்டு செய்கிற எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து முட்டுகிறார்கள்: படம் போடலாமா? போட்டால் விளையாட்டு மேலேறுமா, கெடுமா? இது இன்றைய கேள்வியும் இல்லை. கிட்டத்தட்ட 45 வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற வழக்கு.

தொடக்கத்தில் எழுத்து மட்டும்தான். 1976 வாக்கில் வில் குரோதர் என்ற அமெரிக்க நிரலாளர், தான் நேரில் இறங்கிப் பார்த்த கென்டக்கி மாநிலக் குகைகளை வைத்து 'அட்வென்ச்சர்' என்ற விளையாட்டை எழுதினார். அடுத்த ஆண்டு டான் வுட்ஸ் அதை விரித்தார். 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டச்சு செய்தால் கம்ப்யூட்டர் பதில் சொல்லும். அதைப் பார்த்து அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் எழுதியது 'சோர்க்'. அவர்களில் சிலர் 1979இல் தொடங்கிய நிறுவனம் இன்ஃபோகாம்.

படம் உள்ளே வந்தது 1980இல். ராபர்ட்டா வில்லியம்ஸும் கணவர் கென்னும் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்காகச் செய்த 'மிஸ்டரி ஹவுஸ்' சுமார் 70 கோட்டோவியங்களோடு வெளியானது. படங்கள் குழந்தைக் கிறுக்கல் மாதிரிதான் இருக்கும். ஆனாலும் அது விற்ற விதத்தைப் பார்த்துக் கடைக்காரர்களே அசந்தார்கள். பார்க்க ஏதோ இருக்கிறது என்பதே அன்று போதுமானதாக இருந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது. அன்றைய ஃப்ளாப்பியில் இருந்த இடம் கொஞ்சம். படம் வந்து உட்கார்ந்ததும் எழுத்து ஒதுங்கிக்கொண்டது. விவரணை ஓரிரு வரி, ஆட்டக்காரர் தட்டச்சு செய்யவும் இரண்டு சொல். படத்துக்கும் சொல்லுக்கும் அப்போது தொடங்கிய இடத்தகராறு, இடம் தாராளமாகிவிட்ட இன்றும் தீரவில்லை. இன்றைக்குத் தகராறு ஆட்டக்காரரின் கவனத்துக்காக.

இன்ஃபோகாம் எதிர்த்திசையில் போனது. மனித மூளையின் படத்தைப் போட்டு, இதைவிட நல்ல கிராஃபிக்ஸ் இல்லை என்ற கருத்தில் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். ஆனால் அவர்கள் படத்தையே வெறுத்தவர்கள் என்று நினைத்தால் தப்பு. 1982இல் வந்த 'டெட்லைன்' துப்பறியும் விளையாட்டின் பெட்டிக்குள் போலீஸ் கோப்பு, விசாரணைக் குறிப்பு, சம்பவ இடத்தில் கிடைத்ததாக ஒரு சிறு பையில் மாத்திரை என்று கையில் பிடித்துப் பார்க்கும் பொருள்களை வைத்தார்கள். கதையில் சொல்ல வேண்டியதெல்லாம் டிஸ்கில் அடங்காததால் வந்த யோசனை அது. ஆனால் கதைக்கு வெளியே நின்றுகொண்டு கதைக்கு உதவுகிற பொருளாக அது அமைந்துவிட்டது. நான் இதில் பாடம் படித்தேன், பின்னால் சொல்கிறேன்.

இன்ஃபோகாமை 1986இல் ஆக்டிவிஷன் வாங்கி, 1989இல் மூடியது. படம் போடாததால் மூழ்கினார்கள் என்று இன்றும் சொல்லக் கேட்கலாம். படத்தின் வரவு சந்தையை மாற்றியது உண்மைதான். ஆனால் 1985இல் 'கார்னர்ஸ்டோன்' என்ற அலுவலக டேட்டாபேஸ் மென்பொருளில் அவர்கள் பெரும்பணத்தைக் கொட்டி இழந்ததுதான் முதல் அடி. 1988இல் வந்த 'சோர்க் ஸீரோ'வில் படமும் சேர்த்தார்கள். அதுவும் காப்பாற்றவில்லை.

இந்த வழக்கில் படத்தின் பக்கம் நிற்பவர்கள் இன்று முதலில் எடுத்துக் காட்டுவது 'டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்'. குள்ளர் கூட்டம் ஒன்றை வைத்துக் கோட்டை கட்டும் விளையாட்டு. டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி 2006இல் இலவசமாக வெளியிட்டது. திரை முழுக்க எழுத்துக் குறிகள். ஒரு g வந்தால் அது பூதம், ஒரு சிரித்த முகக் குறி வந்தால் அது குள்ளன். பதினாறு வருஷம் ரசிகர்களின் நன்கொடையில் ஓடிற்று. அப்புறம் மருத்துவச் செலவு பற்றிய கவலையில், படங்களோடு ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் விற்க முடிவு செய்து 2022 டிசம்பர் 6 அன்று வெளியிட்டார்கள். அந்த மாதத்துக்குள்ளேயே விற்பனை 5 லட்சத்தை நெருங்கியது.

இதைக் காட்டி 'பாத்தீங்களா, படம் போட்டாத்தான் விக்கும்' என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அது எழுத்தால் ஆன விளையாட்டே தவிர, வாசிக்கிற விளையாட்டு இல்லை. அங்கே g என்பது சொல் இல்லை, படத்துக்குப் பதிலாக நின்ற குறி. அந்தக் குறியை எடுத்துவிட்டுப் பூதத்தின் படத்தை வைத்தால் ஆட்டக்காரர் எதையும் இழப்பதில்லை, மனப்பாடம் செய்யும் சுமைதான் இறங்குகிறது. பீடத்துக்குக் கண் எழுதுவது வேறு, கோவிலுக்குப் போகும் வழியில் கைகாட்டி நடுவது வேறு. அவர்கள் செய்தது கைகாட்டி நடுகிற வேலை. நன்றாகவே செய்தார்கள்.

வாசிக்கிற விளையாட்டில் கணக்கு வேறு. 2015இல் 'லைஃப்லைன்' என்று ஒன்று வந்தது. விண்கலம் நொறுங்கி ஒரு நிலாவில் தனியே மாட்டிக்கொண்ட டெய்லர் என்பவர் நம் போனுக்குச் செய்தி அனுப்புவார், நாம் வழி சொல்ல வேண்டும். டெய்லருக்குப் படம் கிடையாது. ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான். ஒருவருக்கு டெய்லர் தம்பி, இன்னொருவருக்குத் தங்கை. ஒரே ஒரு ஓவியம் போட்டிருந்தாலும் அதில் பாதிப்பேர் டெய்லரை இழந்திருப்பார்கள்.

இதைத் தமிழில் யோசித்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. நம் வினைமுற்று ஆண் பெண்ணைக் காட்டிக்கொடுத்துவிடும். வந்தான் என்றால் ஆண், வந்தாள் என்றால் பெண். ஆனால் 'ஆர்' விகுதி இருக்கிறது. வந்தார், நின்றார், சிரித்தார் என்று மரியாதைக்காக வைத்த விகுதி, மறைக்கவும் கைகொடுக்கிறது. என் விளையாட்டில் பஸ் நடுவழியில் பழுதாகி நிற்கும் இடத்தில் ஒரு வரி: 'சுடலை கோவில் பின்னால் ஆலமரம். அதன் அடியில் யாரோ நிற்கிறார். உன் பெயரைத் தெரிந்தவர் மாதிரி பார்க்கிறார்.'

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்து ஆளாளுக்குப் போனைக் கொடுத்து விளையாடச் சொன்னேன். மாமா அந்த வரியில் நிறுத்திவிட்டு, "ஏல, இது உங்க தாத்தா நிக்க மாதிரில்லா இருக்கு" என்றார். பெரியம்மை ஒரு கிழவியைப் பார்த்தாள், 'தலைய விரிச்சுப் போட்டு' என்று நான் எழுதாததையும் சேர்த்துச் சொன்னாள். கல்லூரி படிக்கும் பையன் ஒருவன், தன் பழைய வாத்தியார் மாதிரி இருந்தது என்றான். மூன்று பேருக்கும் மூன்று ஆள். மூவருமே பயந்தார்கள்.

அதற்குப் பிறகு சித்தி மகள் அந்தக் காட்சியை வரைந்து தந்தாள். நன்றாக வரைவாள். ஆலமரத்து விழுதுகளுக்கு நடுவே தலைப்பாகை கட்டிய ஒரு கிழவர், முகத்தில் பாதி நிழல். அசல் ஓவியம். அதைச் சேர்த்து வேறு நாலு பேரிடம் கொடுத்தேன். நாலு பேரும் தலைப்பாகைக்காரர் என்றார்கள். நாலு பேரும் படம் நல்லாருக்கு என்றார்கள். பயந்ததாக ஒருவரும் சொல்லவில்லை. நாலு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது, தெரியும். ஆனால் என் 'ஆர்' விகுதி செய்த வேலையை அந்தத் தலைப்பாகை அழித்துவிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

இதைத் தமிழ் வாசகர்களுக்குப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் வளர்ந்தவர்கள் நாம். கல்கி இதழில் 1950இல் பொன்னியின் செல்வன் தொடங்கியபோது மணியம் வரைந்த நந்தினியின் கொண்டையும் வந்தியத்தேவனின் சிரிப்பும் இன்றுவரை போகவில்லை. 2022இல் சினிமாவாக வந்தபோதுகூட, கதையில் இருப்பதோடு ஒப்பிட்டவர்களைப் போலவே மணியம் வரைந்ததோடு ஒப்பிட்டவர்களும் ஏராளம். அந்த ஓவியம் கதைக்குக் கெடுதல் செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். அது பெரிய கொடை. ஆனால் தொடர்கதை வாசகர் கதையை வெளியே நின்று பார்ப்பவர். விளையாட்டில் 'நீ கதவைத் திறக்கிறாய்' என்று எழுதுகிறோம். திறப்பவர் வாசகர். அவருக்குள் ஏற்கெனவே ஒரு கதவு இருக்கிறது, அவர் வீட்டுக் கதவு. அதன் மேல் இன்னொரு கதவை ஒட்டும்போதுதான் சிக்கல்.

அதோடு படம் காட்டிக்கொடுக்கவும் செய்யும். என் விளையாட்டில் சுமார் 140 பத்திகள் இருக்கின்றன. தங்கை வரைந்தது ஆறு படம். அந்த ஆறு இடம் வந்ததும் ஆட்டக்காரர், சரி, இது முக்கியமான இடம் என்று கண்டுபிடித்துவிட்டார். படமில்லாத பத்திகளை வேகவேகமாகத் தாண்டினார். இன்னொரு படத்தில் கிணற்றடியில் அவள் அழகுக்காக ஒரு வாளி வரைந்திருந்தாள். என் எழுத்தில் வாளி இல்லை. விளையாடிய பையன், "அந்த வாளிய ஏன் எடுக்க முடியல?" என்று கேட்டான். கட்டளை தட்டச்சு செய்யும் விளையாட்டுகளில் இது பழைய தலைவலி. படத்தில் இருக்கும் எல்லாவற்றுக்கும் எழுத்து பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் உலகம் அட்டையாகத் தெரியும்.

அப்புறம் திருத்தம். ஒரு வாக்கியத்தை மாற்ற ஒரு நிமிடம் போதும். மழை இரவை நிலவு இரவாக மாற்றினேன், எழுத்தில் எட்டுச் சொல். படத்தில் தங்கையின் இரண்டு ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவது தடவை மாற்றச் சொன்னபோது, "அண்ணே, மொதல்ல கதைய முடி, பொறவு படம் கேளு" என்றாள். நியாயம். இப்போது படம் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் சொல்வதும் அதைத்தான். கதை கெட்டியான பிறகே ஓவியரைக் கூப்பிடுங்கள், கூப்பிட்டால் கூலியைப் பேசிக் கொடுங்கள்.

ஏஐ மெஷின் வரைந்து தரும் படத்தையும் முயன்று பார்த்தேன். சுடலை பீடம் என்று எத்தனை விதமாக விவரித்தாலும் கோபுரம் வைத்த பெரிய கோவில்தான் வந்தது. இந்த மண்ணில் மட்டும் இருக்கிற ஒன்றுக்கு அதனிடம் படம் இல்லை. தவிர, அப்படிப்பட்ட படங்களைப் பயன்படுத்தினால் அதைச் சொல்லியாக வேண்டும் என்று ஸ்டீம் 2024 ஜனவரி முதல் விதி வைத்திருக்கிறது. எழுத்து விளையாட்டின் வாசகர்களில் பலர் அந்தக் குறிப்பைப் பார்த்ததுமே விலகிவிடுகிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் படமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. கடையில் படம் இல்லாமல் முடியாது. ஸ்டீமில் ஒரு விளையாட்டை வைக்க முகப்புப் படமும் குறைந்தது ஐந்து ஸ்கிரீன்ஷாட்டும் கொடுத்தாக வேண்டும். தனி ஆள்கள் தங்கள் விளையாட்டை வைக்கும் இட்ச் தளத்திலும் அட்டைப் படம் இல்லாத விளையாட்டு வரிசையில் கண்ணிலேயே படாது. ஐந்து ஸ்கிரீன்ஷாட்டும் வெறும் பத்தியாக இருந்தால் வருகிறவர் வாசிக்கக்கூட நிற்க மாட்டார். ஒரே ஒரு படத்துக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் அட்டைக்குச் செலவழியுங்கள். புத்தகத்துக்கும் அப்படித்தானே செய்கிறோம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விளையாட்டுக்கு உள்ளேயும் படம் அழகாக உழைக்கும் இடம் உண்டு. 2014இல் இங்கிலாந்தின் இங்கிள் நிறுவனம் வெளியிட்ட '80 டேஸ்' சுமார் 5 லட்சம் சொற்கள் கொண்டது. அதில் ஆட்டக்காரர் எப்போதும் பார்ப்பது ஓர் உருண்டையான உலகப்படம். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை நாள், எவ்வளவு காசு என்பதைப் படம் சொல்கிறது. அங்கே என்ன நடந்தது என்பதை எழுத்து சொல்கிறது. ஆட்கள் நாலைந்து நிறத்தில் நிழலுருவமாக வருவார்களே தவிர முகத்தை அழுத்தி வரைந்திருக்க மாட்டார்கள். ஒன்றின் வேலையில் மற்றது கைவைக்கவில்லை. 2022இல் வந்த 'ரோட்வார்டன்' என்ற போலந்து விளையாட்டிலும் பழுப்பு நிறப் பிக்சல் ஓவியத்தில் ஊரின் இருப்பிடம் மட்டும் தெரியும், வாசித்துத் தேடத் தேட அந்தப் படம் விரியும். வாசிப்புக்குப் பரிசாகப் படம் வளர்கிற அந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்தது.

மறுபக்கம், 2013இல் வந்த 'எ டார்க் ரூம்' வெறும் எழுத்தும் சில குறிகளுமாகவே 2014இல் அமெரிக்க ஐபோன் கடையில் கட்டண விளையாட்டுகளில் முதலிடம் பிடித்தது. ஆகவே படமில்லாமல் விற்காது என்பதையும் சட்டமாக எழுதிவிட முடியாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு வேறொரு தனிக் கஷ்டம் இருக்கிறது. படமா எழுத்தா என்ற கேள்வியே நமக்குச் சில நேரம் தலைகீழாகிவிடும். விளையாட்டைக் கட்டப் பயன்படும் மென்பொருளான கேம் எஞ்சின்கள் பலவற்றில் தமிழ் எழுத்து உடையும். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். 'கொடை' என்று எழுதினால் க ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். எழுத்துகளைச் சேர்த்துக் கோக்கும் வேலையை அந்த எஞ்சின் செய்யாததுதான் காரணம். இதிலிருந்து தப்பிக்கப் பத்தியையே படமாக ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பார்க்க அழகாக இருந்தது. ட்வைன் மாதிரி பிரவுசரில் ஓடும் கருவியில் இந்தத் தொல்லை இல்லை, பிரவுசர் தமிழை ஒழுங்காகக் காட்டும். 2023இல் வந்த கோடோ 4 எஞ்சினும் ஒழுங்காகக் கோக்கிறது. பத்தியைப் படமாக்குவதை நான் நிறுத்தியதற்கு இந்த வசதி மட்டும் காரணமில்லை.

பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி தலைமுறைகளாக இருக்கிறது. இங்கே வெள்ளைப் பிரம்போடு பஸ் ஏறுகிறவர்களைப் பார்த்தே வளர்ந்தோம். என் நண்பர் ஒருவர் அங்கே படித்தவர். போனில் திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்து, கேட்கவே முடியாத வேகத்தில் அதைப் பேசவிட்டு விளையாடுவார். எழுத்து விளையாட்டு அவருக்குப் பொழுதுபோக்கின் ஒரு வகை இல்லை, பார்வையுள்ள என்னோடு சமமாக உட்கார்ந்து ஆடக் கிடைக்கிற மிகச் சில விளையாட்டுகளில் ஒன்று. நான் பத்திகளைப் படமாக்கி அனுப்பியபோது அவர் போன் 'படம்', 'படம்', 'பட்டன்' என்று மட்டும் சொன்னது. அவர் திட்டவில்லை. "ஒண்ணும் பேச மாட்டேங்குதே வே" என்றார். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பத்திகளை எழுத்தாக மாற்றினேன். ஆறு ஓவியங்களில் ஐந்தை எடுத்தேன், தங்கையிடம் சொல்லிவிட்டுத்தான். அட்டை மட்டும் அவளுடையது: ராத்திரி, ஆற்றங்கரை ரோடு, நிற்கிற பஸ்ஸின் பின்விளக்கு. கூடவே இன்ஃபோகாம் பெட்டியில் கண்ட பாடத்தை நினைத்து, கதைக்கு வெளியே ஒரு வழிப்படம் வைத்தேன். தாமிரபரணியை ஒட்டி ஊர்கள், பஸ் நிற்கும் இடம், எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது. அது கதையில் எந்த முகத்தையும் மூடவில்லை, வழி தவறாமல் பார்த்துக்கொள்கிறது.

வழிப்படத்துக்கு ஸ்கிரீன் ரீடர் வாசிக்க ஒரு விவரணை எழுத வேண்டும். 'வழிப்படம்' என்று ஒரு சொல் போட்டால் பழையபடிதான். ஊர்களை வரிசையாக எழுதினேன்: பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம். நண்பருக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"அந்த ஊர்ப் பேரு வரிசை இருக்குல்லா, அதக் கேட்டா அப்படியே கண்டக்டர் கத்துத மாதிரி இருக்கு வே. அத எதுக்குப் படத்துக்குப் பொறத்தால ஒளிச்சு வச்சிருக்கீரு? கதைக்குள்ள போடும்."

போட்டுவிட்டேன். முதல் பத்தி இப்போது கண்டக்டர் குரலில் தொடங்குகிறது. பஸ் ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் வரிசையில் முன்னால் இருக்கும் பெயர் உதிர்ந்துவிடும். பழுதாகி நிற்கும் இடத்தில் எந்த ஊர்ப் பெயரும் வராது. வழிப்படம் ஒரு பட்டனுக்குப் பின்னால் இருக்கிறது. வேண்டியவர்கள் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.